கோட்டைக்கு அகழி, பெட்டிக்குத் தண்ணி

குழு: பாலாத்தங்கரை குடும்பம்

சனிக்கிழமை

அருண்: [படம்]

அருண்: யாரும் திட்டாதீங்க. கூடத்துல கெடக்குறது குப்பை இல்ல

அம்மா: பின்ன இன்னாடா அது. நடக்க வழி இல்ல. ஆயா தடுக்கி விழுந்தா யாரு பாக்குறது

அருண்: கேம் சர்வர் கட்டுறேன்மா. நிலா, ரோகித், ஹாஸ்டல் பசங்க எல்லாரும் மைன்கிராஃப்ட்னு கல்லு அடுக்கிக் கட்டற கேம்ல ஒரே உலகத்துல ஆடலாம். பைசா செலவில்ல, எல்லாம் பழைய சாமான்

ஆம்பூர் சித்தப்பா: அந்தத் தகர டப்பா எங்கயோ பாத்த மாதிரி கீதே

சேகர் மாமா: நம்ம கடையிலதான். செத்துப் போன இன்வெர்ட்டர். ட்ரான்ஸ்ஃபார்மரைக் கழட்டிகினு வெளிக் கூட்டை மட்டும் கொடுத்தேன்

அருண்: அதுக்குள்ள 17 சென்டிமீட்டர் சதுரத்துல ஒரு மினி ஐடிஎக்ஸ் போர்டு, சின்ன சைஸ் கம்ப்யூட்டர் போர்டு. ப்ராசஸர் ஐ7 4790, 2014ல வந்தது. ராம் 16 ஜிபி. கிராஃபிக்ஸ் கார்டு இல்ல

நிலா: கார்டு இல்லாம எப்படி அண்ணா கேம் ஓடும் 😳

அருண்: படம் வரையறது உன் போன் வேலை. யார் எங்க நிக்கிறாங்க, எந்தக் கல்லை யார் உடைச்சாங்கன்னு கணக்கு வெச்சிக்கறதுதான் சர்வர் வேலை. அதுக்கு ஸ்கிரீனே வேணாம்

அப்பா: அந்த ரப்பர் டியூப் எதுக்கு

அருண்: வாட்டர் கூலிங்பா

ஆம்பூர் சித்தப்பா: 😂😂 ஆத்துலயே தண்ணி இல்லாத ஊர்ல டப்பாவுக்குத் தண்ணியா

ஆம்பூர் சித்தப்பா: ஆறு கீது தண்ணி இல்ல, கோட்டை கீது ராஜா இல்ல, கோயில் கீது சாமி இல்லன்னு நம்ம ஊரை அந்தக் காலத்துல கிண்டல் பண்ணுவாங்க

அம்மா: ஆயா சொல்றாங்க: சாமி 1981லயே கோட்டைக்குள்ள வந்துட்டாரு, பழைய கதை பேசாதன்னு சொல்லு

ஆம்பூர் சித்தப்பா: சரிம்மா தாயே

சேகர் மாமா: ஏன்டா தண்ணி. சொம்மா ஃபேன் போட்டா ஆவாதா

அருண்: இடம் இல்ல மாமா. பவர் சப்ளை போர்டுக்கு மேல தொங்குது. ப்ராசஸருக்கு மேல 5 சென்டிமீட்டர்தான் மிச்சம், கம்பெனி ஃபேன் கூட நுழையல. உள்ள தண்ணி ஓடற செம்பு பிளாக்கா இருந்தா தட்டையா ஒக்காந்துக்கும். சூட்டைக் காத்துல விடற ரேடியேட்டர் பக்கவாட்டு ஜல்லடையில

சேகர் மாமா: அப்ப சரி. குளிரும்னு நெனச்சு வெச்சியோன்னு பாத்தேன்

ஞாயிற்றுக்கிழமை

சேகர் மாமா: ரேடியேட்டர் அலுமினியமா பித்தளையா

அருண்: தெரியல மாமா. கறுப்பு பெயிண்ட். ஃபிரண்டு கிட்ட வாங்கினது

சேகர் மாமா: ஓரத்துல ஆணியால சொரண்டிப் பாரு. மஞ்சளா தெரிஞ்சா பித்தளை. வெள்ளையா தெரிஞ்சா தூக்கிப் போட்ரு

திவ்யா அக்கா: மாமா சொல்றது சரி. ஒரே தண்ணியில செம்பும் அலுமினியமும் இருந்தா அலுமினியம் அரிச்சிடும்

சேகர் மாமா: ஃப்ரிட்ஜ்ல செம்பு பைப்பும் அலுமினியமும் சேர்ற ஜாயிண்ட்தான் முதல்ல ஓட்டை ஆவும். ஈரம் பட்டாலே போச்சு. 20 வருஷமா அந்த ஜாயிண்ட்டுதான் எனக்குச் சோறு போடுது

அருண்: [படம்] மஞ்சள் 🙏

அம்மா: ஊறுகா பாட்டில் எங்க

அருண்: எந்த பாட்டில்

அம்மா: நார்த்தங்கா போட்டு வெச்சிருந்தேனே, பிளாஸ்டிக்கு, செவப்பு மூடி

அருண்: அதுதான்மா ரிசர்வாயர், தண்ணித் தொட்டி. கழுவிட்டேன். நார்த்தங்கா கிண்ணத்துல கீது

அம்மா: மூடியில ரெண்டு ஓட்டை வேற போட்டுகிறான்

ஆம்பூர் சித்தப்பா: கேம்ல உப்பு கரிக்கப் போவுது 😂

அருண்: சாயங்காலம் தண்ணி ஊத்தறேன். ஆர்ஓ தண்ணி பிடிச்சி வெச்சிருக்கேன்

சேகர் மாமா: டேய் டேய் நில்லு. ஆர்ஓவுலயும் கொஞ்சம் உப்பு கீது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துவோமே டிஸ்டில்ட் வாட்டர், 5 லிட்டர் கேனு, அதை ஊத்து. உனக்கு ரெண்டு டம்ளர் போதும். மிச்சத்தை வீட்டு பேட்டரிக்கே ஊத்து, உங்க அப்பா எந்தக் காலத்துல ஊத்தினாரோ

அப்பா: போன தீபாவளிக்கு

சேகர் மாமா: மாமா 🙏🙏

திவ்யா அக்கா: முதல் ஓட்டம் பம்புக்கு மட்டும் கரண்ட் கொடு அருண். போர்டு, எஸ்எஸ்டி எதுலயும் சப்ளை மாட்டாத. 24 பின் கனெக்டர்ல பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பையும் சேர்த்தா சப்ளை தனியா ஆன் ஆகும். சேர்க்கும்போது சுவிட்ச் ஆஃப்ல இருக்கணும். கீழ டிஷ்யூ பேப்பர் விரிச்சு 24 மணி நேரம் ஓட விடு

திங்கட்கிழமை

அருண்: ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பாத்தேன். பிளாக்குக்குக் கீழ டிஷ்யூ எட்டணா அளவு ஈரம் 😭

சேகர் மாமா: போர்டு மேலயா

அருண்: போர்டை வெளிய எடுத்து வெச்சிருந்தேன். தப்பிச்சது

சேகர் மாமா: கேபிள் டை போட்டு இறுக்கினியா

அருண்: ஆமா

சேகர் மாமா: கேபிள் டை ரெண்டு பக்கம் கடிக்கும், நடுவுல சந்து விடும். அதுவும் இந்தக் கத்திரியில டியூப் இளகிடும். திருகு வெச்ச கிளாம்பு எட்டு கீது கடையில. சத்துவாச்சாரி பக்கம் வந்தா எடுத்துகினு போ

செவ்வாய்க்கிழமை

அருண்: கசிவு இல்ல. ஆனா ஆன் பண்ண மூணு நிமிஷத்துல ப்ராசஸர் 96 டிகிரி. ஆஃப் பண்ணிட்டேன். பம்பு கொர் கொர்னு கத்துது

ஆம்பூர் சித்தப்பா: நார்த்தங்கா சாபம்

சேகர் மாமா: பாட்டில் எங்க வெச்சிகிற, படம் போடு

அருண்: [படம்]

சேகர் மாமா: பம்பு மேல, பாட்டில் கீழ. தலகீழா கட்டிகிற. காத்து எப்பவும் மேலதான் போவும். பம்புக்குள்ள காத்து மாட்டிகினா தண்ணி நவராது. பாட்டில் உச்சியில இருக்கணும், அதுலேருந்து நேரா பம்புக்கு இறங்கணும். மாத்திட்டு டப்பாவை நாலு பக்கமும் சாய்ச்சு சாய்ச்சு ஓட்டு, கொழந்தைக்கு ஏப்பம் எடுக்கற மாதிரி

அருண்: மாமா!!! பாட்டில்ல குமுழ் குமுழா வந்துச்சு. இப்ப 71 டிகிரில நிக்குது

நிலா: அப்ப ஆடலாமா

புதன்கிழமை

அம்மா: இட்லி மாவு பொங்கி ஷெல்ஃப் பூரா வழிஞ்சிகீது. ராத்திரி ஒன்பது மணிக்கு அரைச்சது, காலையில புளிச்சே போச்சு

அருண்: அதுக்கு நான் இன்னா பண்ணேன்மா

அம்மா: உன் டப்பா பக்கத்துலதான் குண்டான் இருந்துது. கையை வெச்சுப் பாரு, அடுப்பு மாதிரி காத்து அடிக்குது. தண்ணி ஊத்தினா ஜில்லுன்னு இருக்கும்னு சொன்ன

அருண்: நான் சொல்லல 😐

சேகர் மாமா: அக்கா, தண்ணி சூட்டை அழிக்காது. இங்கேருந்து எடுத்துகினு போய் அங்க கொட்டும், அவ்ளோதான். ஏசியும் ரூமுக்குள்ள இருக்கற சூட்டை வெளிய கொண்டு போய் கொட்டுது, அதுக்குத்தான் வெளிய ஒரு பெட்டி. இவனுக்கு ரெண்டு பெட்டியும் கூடத்துலயே கீது

திவ்யா அக்கா: ரூம் 38 டிகிரின்னா அந்தத் தண்ணி 38க்குக் கீழ போகவே போகாது. வேலூர் மே மாசத்துக்கு 71 நல்ல கணக்குதான்

அம்மா: அப்ப டிசம்பர்ல மாவு குண்டான் அங்கதான் வெப்பேன். இப்ப டப்பாவைத் தூக்கு

அருண்: ஜன்னல் பக்கம் மாத்திட்டேன்

அப்பா: நான் ஒரு கணக்கு போட்டேன். பிளக் மீட்டர்ல 60 வாட் காட்டுது. 24 மணி நேரம் ஓடினா ஒரு நாளைக்கு 1.44 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 86

அருண்: 86தானேப்பா

அப்பா: போன பில் 460 யூனிட். 460ம் 86ம் எவ்ளோ

அருண்: 546

அப்பா: 500 தாண்டினா 101வது யூனிட்லேருந்தே ரேட் ஏறிடும். உன் 86 யூனிட்டுக்கு மட்டும் துட்டு இல்ல, மொத்த பில்லும் மாறும்

ஆம்பூர் சித்தப்பா: பைசா செலவில்லன்னியே கண்ணு

அருண்: சரி. சாயங்காலம் 5 டு 10 மட்டும். ரெண்டு மாசத்துக்கு 18 யூனிட். 478

அப்பா: 👍

நிலா: அண்ணா என் போன்ல சர்வர் வரவே இல்ல

அருண்: ரெண்டு பிரச்சினை நிலா. மைன்கிராஃப்ட்ல ரெண்டு வகை. உன் போன்ல இருக்கறது பெட்ராக், இது ஜாவா. ரெண்டையும் சேர்க்க கீசர்னு ஒரு பிளகின் போட்டாச்சு

அம்மா: கீசரா. எதுக்கு இப்ப கீசர்

அருண்: அது சுடுதண்ணி கீசர் இல்லமா 😂 பேரு அப்படி

திவ்யா அக்கா: ரெண்டாவது, நெட் கம்பெனி ஒரே ஐபிய, அதாவது நெட் அட்ரஸை, பல வீட்டுக்குப் பங்கு போடுது. ரூட்டர்ல 25565 போர்ட்டைத் திறந்து வெச்சாலும் ஆம்பூர்லேருந்து யாரும் உள்ள வர முடியாது. டெயில்ஸ்கேல்னு ஒரு ஆப் போடு, நிலா போன்லயும் போடு. ஒரே வீட்டு நெட்ல இருக்கற மாதிரி ஆயிடும்

நிலா: வந்துட்டேன்ன்ன்ன் 🎉

வெள்ளிக்கிழமை

நிலா: அண்ணா எல்லாரும் நின்ன எடத்துலயே நடக்கறாங்க. ஆடு பறக்குது

அருண்: எட்டு பேர் எட்டு திக்குல ஓடினீங்க. நொடிக்கு 20 தடவை உலகத்தையே கணக்கு பண்ணணும், ஒரு தடவைக்கு 50 மில்லி செகண்ட்தான் டைம். ப்ராசஸருக்குள்ள நாலு கோர், நாலு ஆள் மாதிரி. அதுல பெரிய பங்கு வேலை ஒரே ஒரு கோர் தலையில. மிச்சம் மூணும் சொம்மா குந்திகினு கீது

ஆம்பூர் சித்தப்பா: எங்க கம்பெனியிலயும் அப்படித்தான்

அருண்: எவ்ளோ தூரம் தெரியணும்ங்கற வியூ டிஸ்டன்ஸை 10லேருந்து 6 ஆக்கிட்டேன். இப்ப பாரு

நிலா: சூப்பரா கீது

நிலா: ஐயோ எல்லாரும் வெளிய வந்துட்டோம்

அருண்: யாரு ஆஃப் பண்ணது

அம்மா: ஆயா. கிரைண்டர் போட பிளக் வேணுமாம்

நிலா: என் மதில் 😭😭

அருண்: அழாத. 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை தானா சேவ் ஆவும். கடைசி 5 நிமிஷம்தான் போயிருக்கும்

அம்மா: ஆயா சொல்றாங்க: எந்த மதிலுமா

நிலா: வேலூர் கோட்டை ஆயா. சுத்தி அகழி கூட வெட்டிட்டேன். உள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் பாதி முடிஞ்சிது

அம்மா: ஆயா கன்னத்துல போட்டுக்கறாங்க. இனிமே கிரைண்டரை சமையல் ரூம்ல போடறாங்களாம்

ஞாயிற்றுக்கிழமை

நிலா: [படம்]

சேகர் மாமா: அடேங்கப்பா. அகழியில தண்ணி ததும்புது

ஆம்பூர் சித்தப்பா: முதலை எங்க. அந்தக் காலத்துல அகழியில முதலை விட்டு வெச்சிருந்தாங்கன்னு சொல்வாங்க

நிலா: மைன்கிராஃப்ட்ல முதலை இல்லப்பா. ஆக்ஸலாட்டில்னு தண்ணிப் பல்லி மாதிரி ஒண்ணு கீது, அதுல அஞ்சு விட்டேன். பிங்க் கலர்

ஆம்பூர் சித்தப்பா: அந்தப் பக்கம் வெள்ளையா நீட்டா தெரியுதே, ரோடா

நிலா: பாலாறு. மணல் போட்டேன். தண்ணி விடணுமா

ஆம்பூர் சித்தப்பா: வேணாம் கண்ணு, அப்பறம் ஊர் அடையாளம் தெரியாது

அம்மா: மணி 9.50. எல்லாரும் வெளிய வாங்க. அருணு, நீயே வந்து முறையா அணை, நான் சுவிட்சைத் தொட மாட்டேன்