மறுமொழி: 'பிழைதிருத்தம்' போதாதா?

ஐயா, வணக்கம். ஆய்விதழில் வெளியான கட்டுரையின் தவறைப் பிறகு திருத்தி வெளியிடும் 'erratum' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம் அல்லவா, அதை ஒட்டி நீங்கள் கேட்டது:

> 'பிழைதிருத்தம்' என்ற நல்ல சொல் புழக்கத்தில் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

அந்தப் புழக்கம்தான் என்னைத் தடுக்கிறது. அச்சொல்லைக் கேட்டதும் பழைய புத்தகங்களின் கடைசித் தாளில் பக்கம், வரி, பிழை, திருத்தம் எனக் கட்டம் போட்டிருப்பார்களே, அதுதான் நினைவுக்கு வருகிறது. விட்டுப்போன துணைக்கால், லகர ளகர மயக்கம். அணுக்கரு இயற்பியல் கட்டுரையில் கணக்குத் தவறினால் நடப்பது வேறு. அணுக்கரு நியூட்ரானை உட்கவரும் வாய்ப்பின் அளவான குறுக்குவெட்டுப் பரப்பைச் சொல்லும்போது, பார்ன் என்ற அலகையும் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிபார்னையும் குழப்பிக்கொண்டால் விடை ஆயிரம் மடங்கு மாறிவிடும். அந்த எண்ணை நம்பியவர்கள் எல்லாரும் தங்கள் அட்டவணைகளை மறுபடி போட வேண்டும்.

வெறும் 'திருத்தம்' என்றும் வைக்க முடியவில்லை. இயற்பியலில் அது வேறொன்றுக்கு, தோராய விடையைத் துல்லியமாக்கச் சேர்க்கும் சிறு அளவுக்கு, பெயராகிவிட்டது. அணுக்கருவுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு: எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறனுக்கு அடுத்த படித் திருத்தத்தை 1950இல் கார்ப்ளஸும் க்ரோலும் கணக்கிட்டு, கெழு −2.973 என்றார்கள். 1957இல் பீட்டர்மனும் சோமர்ஃபீல்டும் தனித்தனியே கணக்கிட்டபோது அது −0.328 ஆனது. இதை மொழிபெயர்க்கப் போய் 'திருத்தத்தின் திருத்தம்' என்று எழுதி, நானே சிரித்துவிட்டு அடித்தேன்.

குழுவில் ஒருவர் சொன்ன 'வழுவமைதி' அழகான சொல்தான். ஆனால் அது காரணம் காட்டி வழுவை ஏற்றுக்கொள்வது. நமக்கோ ஏற்கக் கூடாத வழு. தவிர, 'வழு'வை மென்பொருள்காரர்கள் 'bug' என்பதற்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இங்கே மராத்தி ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளில் திருத்த அறிவிப்புக்கு 'சுத்திபத்ரக்' என்று வரும். அதில் கழுவித் துடைத்த வாடை அடிக்கிறது.

என் பரிந்துரை: பின்திருத்தம். பின்குறிப்பு, பின்னிணைப்பு வரிசையில் உட்காரும். முதலில் வந்த கட்டுரை இதழில் அப்படியே நிற்கும்; திருத்தம் பிறகொரு இதழில், தனிப் பக்க எண்ணுடன் வரும். அந்தப் 'பின்' இதைச் சொல்லிவிடுகிறது.

செம்பூர், மும்பை

—

அம்மா,

நன்னூல்படி புணர்த்தால் 'பின்றிருத்தம்' என்று வரும். பயப்பட வேண்டாம், 'பின்றொடர்ந்தான்' என்று நானும் எழுதுவதில்லை.

சொல்லை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. கட்டுரை எழுதியவரே தம் கணக்கைத் திருத்தினால் மட்டும் பின்திருத்தம். பிசிகல் ரிவியூ என்ற இயற்பியல் ஆய்விதழ்களில் பதிப்பகத்தாரால் நேர்ந்த பிழைக்குத் தனித் தலைப்பு வைத்திருக்கிறார்கள். அதற்கு நம் பழைய பிழைதிருத்தமே இருக்கட்டும். உங்கள் 1957 எடுத்துக்காட்டு இரண்டிலும் அடங்காது. அங்கே திருத்தியவர்கள் வேறு ஆட்கள், அது மறுகணக்கீடு. சொல்லின் விளக்கக் குறிப்பிலிருந்து அதை எடுத்துவிடுங்கள்.

மாட்டுங்கா