காணாமல் போன தோழிகளின் கதைகள்: படித்தவர்கள் சொல்கிறார்கள்

மதுரை, கல்லூரி ஆசிரியை

இருளும் மாயமும் கலந்த கதைகளைத் தேடித் தேடிப் படிப்பவள் நான். பேய், சாபம், பழிவாங்கல் எல்லாம் புத்தகத்தை மூடியதும் விலகிவிடும். உடனிருந்த தோழி ஒருத்தி காணாமல் போகும் கதை மட்டும் விலகுவதில்லை. அவள் எங்கே போனாள் என்ற கேள்வி சமையலறை வரைக்கும் கூடவே வரும். அப்படி என்னைப் பிடித்துக்கொண்ட நாவலைப் பற்றிச் சொல்கிறேன். உங்களைப் பிடித்துக்கொண்டதை நீங்கள் சொல்லுங்கள். முடிவைத் தொடாமல் இதைப் பேச முடியாது. படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஜோன் லிண்ட்சேயின் 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்' 1967-இல் வெளிவந்தது. கதை நடப்பது 1900 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று. விடுதிப் பள்ளி மாணவிகள் குதிரை வண்டியில் ஒரு பாறைக் குன்றுக்கு உல்லாசப் பயணம் போகிறார்கள். பகல் பன்னிரண்டு மணியோடு கடிகாரங்கள் நின்றுபோகின்றன. மிராண்டா, மரியன், இர்மா, ஈடித் என்ற நால்வர் குன்றின் மேலே ஏறுகிறார்கள். ஈடித் மட்டும் அலறிக்கொண்டு ஓடி வருகிறாள். கணக்கு ஆசிரியையையும் காணவில்லை. சில நாட்கள் கழித்து இர்மா உயிரோடு கிடைக்கிறாள். ஆனால் அவளுக்கு எதுவுமே நினைவில்லை.

எல்லாரும் மிராண்டாவைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு இது பள்ளியிலேயே விட்டுவிட்டுப் போன சாராவின் கதை. பாட்டுப் பாடத்தை ஒப்பிக்கவில்லை என்று அந்த அனாதைச் சிறுமியைப் பயணத்துக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுகிறார்கள். மிராண்டாதான் அவளுக்கு உலகம். அந்த உலகம் காலையில் கிளம்பிப் போய், மாலையில் திரும்பவில்லை. அவளிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை, அவளுக்குத் துக்கம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பள்ளிக் கட்டணம் வந்து சேரவில்லை என்பது மட்டும் தலைமை ஆசிரியைக்குத் தெளிவாக நினைவிருக்கிறது.

சாராவுக்குச் சிறு வயதில் பிரிந்துபோன அண்ணன் ஒருவன் உண்டு. காணாமல் போனவர்களைத் தேடி அதே குன்றில் அலைகிற குதிரைக்காரன் ஆல்பர்ட்தான் அவன். இது அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. படிக்கிற நமக்கு மட்டும் தெரியும். குன்றின் ரகசியம் தெரியாமல் போனதில் எனக்கு வருத்தமில்லை. இந்த ரகசியம் எனக்குத் தெரிந்தும், பக்கத்தைத் தாண்டி ஆல்பர்ட்டிடம் சொல்ல முடியவில்லையே என்றுதான் மனம் பதைத்தது.

இன்னொரு காட்சியையும் சொல்லியாக வேண்டும். ஊரை விட்டுப் போகும் முன் இர்மா சிவப்பு மேலங்கியோடு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துக்கு விடைபெற வருகிறாள். மாணவிகள் அவளைச் சூழ்ந்துகொண்டு, என்ன நடந்தது, சொல், சொல் என்று வெறி பிடித்தவர்கள்போல் கத்துகிறார்கள். திரும்பி வந்தவளிடமும் விடை இல்லை என்பதை அவர்களால் தாங்க முடியவில்லை. அத்தனை பேய்க் கதைகளைப் படித்திருக்கிறேன். நான் உண்மையிலேயே பயந்தது அந்த உடற்பயிற்சிக் கூடத்தில்தான்.

மெல்போர்ன், மென்பொருள் பொறியாளர்

சாராவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் நாவலை மறுபடி கையில் எடுத்துவிட்டேன் அக்கா. அந்தக் குன்று இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது. சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு இறுகி உண்டானது. ஒரு பாறையைச் சுற்றி வந்தால் இன்னொன்று வழியை மறைக்கும். முன்னால் போன நண்பர்களின் குரல் பக்கத்திலேயே கேட்கும், ஆளைக் காண முடியாது. லிண்ட்சே எதையும் மிகைப்படுத்தவில்லை என்று அங்கே நின்றபோது புரிந்தது. மேலே ஏறியவர்களில் யாராவது ஒருவர் 'மிராண்டா!' என்று கூவிப் பார்க்கிறார்கள். பீட்டர் வியரின் 1975 படம் தொடங்கிவைத்த பழக்கம் அது.

நடந்த சம்பவம் என்று நம்பி வருகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் 1900-இல் பிப்ரவரி 14 புதன்கிழமை. நாவலிலோ அது சனிக்கிழமை.

அங்கே போய் வந்த பிறகு வேறொரு விஷயம் என்னை உறுத்தத் தொடங்கியது. ஜாஜா உருங், வோய் உருங், தாங்குருங் ஆகிய பூர்வகுடி மக்களுக்கு அந்தக் குன்று முக்கியமான இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர் குடியேறியபோது அவர்கள் அங்கிருந்து விரட்டப்பட்டார்கள். கற்பனைப் பெண்களுக்காகக் கூவுகிறோமே, உண்மையில் அங்கிருந்து இல்லாமல் போனவர்களைப் பற்றி ஏன் பேச்சே இல்லை என்று 2017-இல் ஒரு கலைஞர் இயக்கமே நடத்தினார். நாவலின் மீது எனக்கிருந்த அன்பு அதனால் குறையவில்லை. கூவ மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

ஒரு கேள்வி. நாவலின் கடைசி அத்தியாயத்தைப் பதிப்பகத்தின் யோசனைப்படி நீக்கித்தான் வெளியிட்டார்கள். லிண்ட்சே 1984-இல் இறந்தார். 1987-இல் அந்தப் பதினெட்டாம் அத்தியாயம் தனியாக வெளிவந்தது. படித்திருக்கிறீர்களா?

சென்னை, நூலகர்

நான் படித்தேன். கழற்றி வீசிய இடைக்கச்சுகள் கீழே விழாமல் காற்றில் நிற்கின்றன. வெற்றுவெளியிலேயே ஒரு துளை திறக்கிறது. ஒவ்வொருவராக உள்ளே போகிறார்கள், இர்மாவின் முறை வரும்போது பாறை சரிந்து வழியை அடைத்துவிடுகிறது. அதைப் படித்தவுடன் நாவல் சிறியதாகிவிட்டது. நீக்கியவர்கள் நல்ல காரியம் செய்தார்கள். ரகசியம் ரகசியமாக இருப்பதுதான் இந்தக் கதைகளின் அழகு என்பது என் உறுதியான எண்ணம்.

விடை சொல்லியும் குறையாத கதை ஒன்று உண்டு. பிலிப்பா பியர்ஸின் 'டாம்ஸ் மிட்நைட் கார்டன்', 1958. கடிகாரம் பதின்மூன்று அடிக்கும்போது திறக்கும் தோட்டத்தில் டாமுக்குக் கிடைத்த தோழி ஹாட்டி, ஒவ்வொரு சந்திப்பிலும் வளர்ந்துகொண்டே போய்க் கடைசியில் மறைந்துவிடுகிறாள். அவள் எங்கே என்பதற்கு மாடியில் வசிக்கும் வீட்டுக்காரப் பாட்டிதான் விடை. சிறுவர் பிரிவில் யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

டொராண்டோ, பிறந்த ஊர் கிளிநொச்சி

நூலகர் ஐயா, ரகசியம் ரகசியமாக இருப்பது அழகு என்று எழுதியிருக்கிறீர்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. கோபத்தில் சொல்லவில்லை. எனக்கு ஏன் அது அழகாகத் தெரியவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பள்ளியில் என் பக்கத்தில் இருந்தவளைப் பற்றி 2009-க்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. அவளுடைய அம்மா, கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக 2017 பிப்ரவரி 20 அன்று தொடங்கிய போராட்டத்தில் மகளின் படத்தோடு இருந்த தாய்மாரில் ஒருவர். அவரிடம் போய், விடை தெரியாமல் இருப்பதில் ஓர் அழகு இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்? நான் பதினெட்டாம் அத்தியாயத்தை ஆவலோடுதான் தேடிப் படித்தேன். அது போதவில்லை, அது வேறு விஷயம். ஆனால் தேடியது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

என்னுடைய கதை ஆண்டர்சனின் 'பனி அரசி'. 1844-இல் டென்மார்க்கில் வெளிவந்தது. மாயக் கண்ணாடியின் துண்டு கண்ணிலும் நெஞ்சிலும் தைத்த காய் என்ற சிறுவனைப் பனி அரசி கொண்டுபோய்விடுகிறாள். அவன் இறந்துவிட்டான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட, தோழி கெர்டா மட்டும் தேடிக் கிளம்புகிறாள். வழியில் மந்திரம் தெரிந்த ஒரு கிழவி அவளைத் தன்னோடு வைத்துக்கொள்கிறாள். கெட்டவள் அல்ல, துணை வேண்டும் என்று ஏங்குகிறவள். தங்கச் சீப்பால் தலை வாரிவிட, கெர்டாவுக்குக் காயின் நினைவு மங்குகிறது. ரோஜாவைப் பார்த்தால் அவன் ஞாபகம் வந்துவிடும் என்று தோட்டத்து ரோஜாச் செடிகளையெல்லாம் மண்ணுக்குள் புதைத்துவிடுகிறாள். தன் தொப்பியில் வரைந்த ரோஜாவை மட்டும் மறந்துவிடுகிறாள்.

எனக்கு இந்தக் கதையில் பனி அரசியைவிட இந்தத் தோட்டம்தான் இருட்டு. பசியில்லை, குளிரில்லை, அன்பாகக் கவனிக்க ஆள் இருக்கிறது. நிம்மதியாக இருக்கலாம், காணாமல் போனவனை மறந்துவிட்டால் போதும். இங்கே வந்த புதிதில் எனக்கும் பலர் அன்போடு அதையேதான் சொன்னார்கள்.

கெர்டா அழுத கண்ணீர் பட்டு ரோஜாக்கள் மறுபடி மேலே வருகின்றன. காய் இறந்துவிட்டானா என்று அவற்றிடம் கேட்கிறாள். நாங்கள் மண்ணுக்குள் இருந்தோம், இறந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள், காய் அங்கே இல்லை என்று அவை சொல்கின்றன. பெரியவளான பிறகு இந்த இடத்தைப் படித்துவிட்டு மேலே தொடர முடியாமல் புத்தகத்தை வைத்துவிட்டேன். எங்கள் தாய்மார் கேட்டுக்கொண்டிருப்பது இந்த ஒரு கேள்வியைத்தான். அதிகாரிகளிடம் கேட்கிறார்கள், ஆணைக்குழுக்களிடம் கேட்கிறார்கள்.

சென்னை, நூலகர்

அம்மா, நாவலின் வடிவத்தை மட்டும் மனத்தில் வைத்து அதை எழுதினேன். நீங்கள் சொன்ன இடத்திலிருந்து பார்த்தால் சாராவும் விடையைத்தான் கேட்டிருப்பாள். லிண்ட்சேயின் அந்த அத்தியாயம் நாவலுக்குள் சேரக் கூடாது என்றே இப்போதும் கருதுகிறேன். ஆனால் அதைத் தேடிப் போகிற வாசகரின் பக்கம் நானும் நிற்கிறேன்.

மதுரை, கல்லூரி ஆசிரியை

பள்ளி நாளில் நான் படித்த 'பனி அரசி' சுருக்கத்தில் அந்தத் தோட்டமே இல்லை. ஆற்றிலிருந்து நேராகப் பனி மாளிகைக்குப் போய்விடும். குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்று வெட்டியிருக்கலாம். வெட்டியவர்கள் கதையின் உயிரையே எடுத்துவிட்டார்கள் என்று இன்று தெரிகிறது. வரும் பருவத்தில் சாராவையும் கெர்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாணவிகளோடு பேசப் போகிறேன். ரோஜாக்கள் பேசும் பகுதி முழுமையாக உள்ள தமிழாக்கம் யாரிடமாவது இருந்தால் பதிப்பகத்தின் பெயரைச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியை நானே மொழிபெயர்த்துக் கொடுத்துவிடுகிறேன்.