கால்நடை மருத்துவம் முடித்தபின் இறைச்சி ஆராய்ச்சிக்குப் போகலாமா?

கேள்வி: பென்னாகரத்து மாணவி

அனைவருக்கும் வணக்கம். நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படிக்கிறேன்; ஐந்தரை ஆண்டுப் படிப்பில் கடைசிக் கட்டமான பயிற்சிக் காலத்தில் இருக்கிறேன். வீட்டில் நாற்பது மேச்சேரிச் செம்மறிகளும் சில சேலம் கருப்பு வெள்ளாடுகளும் உண்டு. முதுநிலையில் கால்நடை உற்பத்திப் பொருட்கள் தொழில்நுட்பவியல் எடுத்து, இறைச்சி ஆராய்ச்சியில் நிலைக்க விரும்புகிறேன். அப்பாவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "உசுரக் காப்பாத்தப் படிச்சுட்டு, செத்ததப் போயி ஆராய்ச்சி பண்றேங்கிறியே" என்கிறார். தேர்வாணையத் தேர்வு எழுதிக் கால்நடை உதவி மருத்துவரானால் ஊருக்கும் உபகாரம், சம்பளமும் உறுதி என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் பிழை இருப்பதாக எனக்கும் சொல்லத் தெரியவில்லை. இறைச்சிப் பக்கம் போய்விட்டால் நோயையும் மருத்துவத்தையும் விட்டு விலகிவிடுவேனா என்பதுதான் என் சந்தேகம். இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பதில்: அரூர்க்காரர்

நான் வேறு மாநிலத்தில் இறைச்சி அறிவியல் பிரிவில் ஆராய்ச்சியாளராக இருக்கிறேன். உங்கள் அப்பா கேட்டதை என் பாட்டி இதைவிடக் கடுமையாகக் கேட்டார்.

முதுநிலை படிக்கும்போது ஆய்வுக்காக ஒரே மந்தையிலிருந்து ஏழு செம்மறிகள் வாங்கியிருந்தோம். முதல் ஆட்டின் ஈரலைக் கீறியபோது பித்தநாளங்கள் வெள்ளைக் கயிறு போலத் தடித்திருந்தன. விரலால் அழுத்தியதும் பழுப்பு நிறப் பித்தத்தோடு இலை வடிவத் தட்டைப்புழுக்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. ஏழில் ஐந்து ஆடுகளுக்கு அதே நிலை. மந்தைக்காரரிடம் விசாரித்ததில், கோடையில் ஏரி வற்ற வற்ற அதன் ஓரத்தில் துளிர்க்கும் புல்லில் மேய்த்ததாகச் சொன்னார். இந்தப் புழுவின் இளம்பருவம் நீர்நத்தைக்குள் வளர்ந்து, வெளியேறி, அந்தப் புல்லில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆடுகள் உயிரோடு இருந்தவரை "கொஞ்சம் மெலிவு, தீவனம் போதவில்லை" என்பதற்கு மேல் யாரும் நினைக்கவில்லை. அன்று மாலையே அந்த மந்தையின் மற்ற ஆடுகளுக்கு மருந்து போனது. இதை இறைச்சி ஆராய்ச்சி என்பதா, மருத்துவம் என்பதா என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்ல வராது.

தசையைப் பற்றிய ஆராய்ச்சியும் இப்படித்தான் உயிருள்ள ஆட்டிடம் கொண்டுவந்து விடும். உயிருள்ள தசையின் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) ஏறத்தாழ 7. அறுத்தபின் தசையில் மிச்சமிருக்கும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை லாக்டிக் அமிலமாக மாறி, 24 மணி நேரத்துக்குள் அது 5.5 அளவுக்கு இறங்க வேண்டும். நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் டெம்போவில் நின்று, மிரண்டு, களைத்து வந்த ஆட்டை இறக்கியவுடன் அறுத்தால் அந்தக் கிளைக்கோஜன் ஏற்கெனவே தீர்ந்திருக்கும். பிஎச் 6-க்கு மேலேயே நின்றுவிடும். கறி கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெட்டுப்போகும். இன்னொன்றும் உண்டு. பிஎச் போதிய அளவு இறங்குமுன் கறியின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் தசையிழைகள் சுருங்கி இறுகிவிடும். அறுத்த சூட்டோடு வாங்கி வந்து குளிர்பதனப் பெட்டியில் வைத்த ஆட்டுக்கறி எத்தனை விசில் வந்தாலும் வேகவில்லை என்று புலம்பும் வீடுகளில், பாவம், குக்கரின்மேல் பழி விழுகிறது.

வேலை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதுநிலை இரண்டு ஆண்டுகள், அதன்பின் முனைவர் பட்டம், நடுவில் தேசியத் தகுதித் தேர்வு. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணி ஒரு வழி. வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியத்தின் வழியாக இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனங்களுக்குப் போவது மற்றொன்று. இறைச்சிக்கென்றே ஐதராபாத்தில் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இசத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்திலும் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. இடங்கள் குறைவு, காத்திருப்பு நீளம். அதை மறைத்து உங்களை அழைக்க மாட்டேன்.

பதில்: தருமபுரி கறிக்கடைக்காரர்

டாக்டரம்மாவுக்கு வணக்கம். நான் படித்தவன் அல்லன். முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். அரூர் ஐயா சொன்ன கறுத்த கறியை எங்களுக்கு நன்றாகத் தெரியும், அதற்குக் காரணம்தான் தெரியாமல் இருந்தது. போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் வாங்கிய கிடாவை அன்றைக்கே அறுப்பதில்லை என்று என் அப்பா காலத்திலிருந்தே வழக்கம். ஓர் இரவு கொட்டகையில் கட்டி, தழை போட்டு, தண்ணீர் காட்டி, மறுநாள்தான் கத்தி வைப்போம். தீபாவளி நெருக்கடியில் இதைக் கடைப்பிடிக்க முடியாமல் போகும். அந்த வாரம் மட்டும் வாடிக்கையாளர் கறியைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். ஈரலில் புழு கண்டால் வெட்டி வீசிவிட்டு மீதியை விற்பவர்களும் உண்டு. அந்த ஆடு எந்த ஊரிலிருந்து வந்தது என்று இதுவரை ஒருவர்கூட எங்களிடம் வந்து கேட்டதில்லை.

பென்னாகரத்து மாணவி

இருவருக்கும் நன்றி. கறிக்கடை ஐயாவின் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், எதிர்ப்பேச்சு வரவில்லை. பயிற்சி முடிய நான்கு மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

பதில்: ஓய்வு பெற்ற மருத்துவர், கிருஷ்ணகிரி

அன்புள்ள மாணவிக்கு, இறைச்சிக்கூடத்துக்கு விடியுமுன் போய் நில்லுங்கள். 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகளின்படி ஒரு மருத்துவர் மணிக்கு 12 கால்நடைகளுக்கு மேலோ, ஒரு நாளில் 96-க்கு மேலோ பரிசோதிக்கக் கூடாது. நான் பணியிலிருந்த ஓர் ஊரில், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அந்த எண்ணிக்கையைப் பற்றிப் பேசினாலே சிரிப்பார்கள். அந்த அவசரத்தில் நம் கண்ணில் படாமல் போனவற்றை எண்ணி இப்போதும் எனக்கு உறுத்தல் உண்டு.

நுரையீரலிலோ ஈரலிலோ நீர்க்கட்டி தென்பட்டால் அதை நாய்க்கு வீசவிடாதீர்கள். நாயின் குடலில்தான் அது நாடாப்புழுவாக வளர்ந்து, முட்டைகள் புல்லுக்கும் நம் வீட்டுக் குழந்தைகளின் கைக்கும் வந்து சேரும். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் கசிந்த மாட்டை யார் வற்புறுத்தினாலும் அறுத்துப் பார்க்காதீர்கள். அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருந்தால், காற்றுப் பட்டதும் கிருமி விதைநிலைக்கு மாறி அந்த மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். காது ரத்தக்குழாயில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சோதித்தால் போதும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காட்டோரக் கிராமம் ஒன்றில், அப்படிச் செத்த மாட்டின் கறியைப் பங்கு போடத் தயாராக இலை விரித்து உட்கார்ந்திருந்தவர்களிடம் நான் ஒரு மணி நேரம் மன்றாடியிருக்கிறேன்.

ஊசி போட்ட ஆட்டைத் தேறாது என்று தெரிந்ததும் விற்றுவிடும் பழக்கத்தையும் கவனியுங்கள். மருந்துக் குப்பியோடு வரும் சீட்டில் இறைச்சிக்கான விலக்குக் காலம், அதாவது கடைசி மருந்துக்குப் பின் அறுக்கக் காத்திருக்க வேண்டிய நாட்கள், போட்டிருக்கும்; நீண்ட நாள் செயல்படும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசிகள் சிலவற்றுக்கு அது 28 நாள். கொலிஸ்டின் என்ற இன்னொரு நுண்ணுயிர்க்கொல்லியை உணவுக்கான கால்நடைகளுக்குத் தருவதை அரசு 2019-இல் தடையே செய்துவிட்டது. கறியில் தங்கும் மருந்து எச்சத்தை அளப்பதும் நீங்கள் போக விரும்பும் துறையின் வேலைதான்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஆடு எந்தச் சந்தையில் வாங்கியது, எந்த ஊர் மந்தை, வயது என்ன, ஈரலிலும் நுரையீரலிலும் என்ன கண்டீர்கள் என்று நாள்தோறும் எழுதுங்கள். கறிக்கடை நண்பர் ஊர் விவரம் கேட்டுச் சொல்வார் என்று நம்புகிறேன். முதல் பக்கத்தில் உங்கள் வீட்டு மந்தையையே எழுதலாம்: அது எந்த ஏரிக்கரையில், எந்த மாதங்களில் மேய்கிறது என்று அப்பாவிடம் கேட்டு இங்கே போடுங்கள். புழு மருந்தை எப்போது கொடுப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.