தொண்டை கேன்சர்: வாய்வழி லேசரா, கழுத்தைத் திறக்கிறதா? அருகிருந்து பார்த்தவங்க சொல்லுங்க

அஸ்தம்பட்டி, தியேட்டர் டெக்னீஷியன்:
லேசர்னா வெளியிலிருந்து ஒளி அடிக்கிறதுன்னு சேலத்துல நிறையப் பேர் நினைக்கிறாங்க. அது கரண்ட் வைக்கிறது (கதிர்வீச்சு), வேற வைத்தியம். லேசரும் அறுவைதான். முழு மயக்கத்துல வாய்வழியா ஒரு இரும்புக் குழாயை இறக்கி நிறுத்தி, மைக்ராஸ்கோப்ல பார்த்துக்கிட்டே கார்பன் டை ஆக்சைடு லேசரால கட்டியை வெட்டுவாங்க. குழாய் வழியா கட்டி முழுசாத் தெரியணும். முன்பல் துருத்தல், கழுத்து மடங்காதது, பாக்குப் போட்டு வாய் இறுகினது, இதுல ஒண்ணு இருந்தாலே சிரமம்.

பயம் தீதான். லேசரும் ஆக்சிஜனும் ஒரே இடத்துல. அதனால ஆக்சிஜன் 30 சதவீதத்தைத் தாண்டாது. மூச்சுக்காக உள்ள விடுற குழாயோட பலூன்ல காத்துக்குப் பதிலா நீலம் கலந்த சலைன், சுத்தி ஈரப் பஞ்சு. நீலம் கசிஞ்சா பலூன் ஓட்டை. பஞ்சு காய்ஞ்சதைக் கவனிக்காம விடுறதுலதான் வினை.

ஓமலூர், ஈ.என்.டி:
அண்ணா சொன்னது சரி. ஒரு குரல் நாண்ல மட்டும் இருக்கிற சின்னக் கட்டிக்கு லேசர் தாராளம். கட்டியைச் சுத்தி 1 முதல் 2 மில்லிமீட்டர் நல்ல சதையும் ஓரமாச் சேர்த்து எடுத்தாப் போதும், ஓரிரு நாள்ல வீடு. (கரண்டும் அதை நல்லாவே குணமாக்கும், அதையும் கேளுங்க.) ரெண்டு நாணும் முன்னால சேர்ற மூலைக்குக் கட்டி போயிருந்தா யோசிக்கணும். அங்க குருத்தெலும்பு ஒட்டினாப்ல இருக்கு, குழாய்க்கும் சுலபமா எட்டாது, திரும்ப வர்றதும் அங்கதான் அதிகம். லேசர் ஓரம் கருகுறதால ரிப்போர்ட்ல ‘ஓரம் தெளிவில்லை’ன்னு (ஓரத்துல கேன்சர் மிச்சம் இருக்கான்னு சொல்ல முடியலைன்னு) வரலாம். பதறாதீங்க, மறுபடி லேசர் பண்ணலாம்.

குருத்தெலும்பைத் துளைச்சு வெளிய வந்துட்டா பெரும்பாலும் குரல்வளையை முழுசா எடுக்கிற திறந்த அறுவைதான். ஏற்கெனவே கரண்ட் வச்ச கழுத்துன்னா தையல் விட்டு எச்சில் கசியுற ஆபத்து கூடுதல், மூக்குக் குழாய்ச் சாப்பாடும் நீளும்.

ஏற்காடு அடிவாரம், பேச்சுப் பயிற்சி:
பாதிக் குரல்வளை எடுத்தவங்களுக்குக் குரலைவிட விழுங்குறதுதான் பாடு. தண்ணியும் காபியும்தான் முதல்ல புரையேறும். கெட்டிக் கூழ், தயிர் இறங்கும். மூச்சைப் பிடிச்சு விழுங்கி, மூச்சு இழுக்கிறதுக்கு முன்னாடி இருமணும்.

முழுசா எடுத்தவங்களுக்கு ஆயுசுக்கும் கழுத்துத் துளையிலதான் மூச்சு. காத்தைச் சூடாக்கி ஈரமாக்குற மூக்கோட வேலை போச்சு. மார்கழிக் குளிர்ல மலை மேல சளி கட்டியாகித் துளையை அடைக்கும். கீழ கொலுசுப் பட்டறைப் புகை நேரா நுரையீரலுக்குப் போகும். ஈரமான மெல்லிய துணி துளை முன்னால தொங்கணும், இறுக்கிக் கட்டக் கூடாது. 108 வண்டி வந்தா முதல்ல சொல்லுங்க: ஆக்சிஜன் மாஸ்க்கை மூக்குல இல்ல, கழுத்துல வைக்கணும்.