வெள்ளத்துக்கு ஆமியின்ர படகு மட்டும்தானோ?

பன்னங்கண்டி மகள்:
கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்குக் கீழ இருக்கிற ஆக்களிட்டை ஒரு கேள்வி. 2018 டிசெம்பர் 22 விடிய எங்கட வளவுக்குள்ள இடுப்பளவு தண்ணி. குளத்தின்ர வான் கதவு திறந்து, கனகராயன் ஆறு வயல் எது றோட்டு எது எண்டு தெரியாமல் போகுது. பத்து மணிபோல படகோட வந்தது ஆமி. அம்மா ஏறமாட்டன் எண்டு படலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. 2009இலை அண்ணாவைத் துலைச்சவ. "அம்மே, எண்ட" (அம்மா, வாங்கோ) எண்டு சிங்களத்திலை சொல்லி ஒரு ஆமிப் பொடியன் கையை நீட்டினான், 20 வயசும் இராது. அம்மாவின்ர பையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு, ஒரு துளி படாமல் கொண்டுவந்து தந்தான். அதுக்குள்ள அண்ணாவின்ர படமும் நாங்கள் குடுத்த முறைப்பாட்டுக் கடிதங்களும் இருந்தது அவனுக்குத் தெரியாது.

நன்றி மறக்கேல்லை. ஆனா ஒவ்வொரு மாரிக்கும் அம்மா மழையைவிட அந்தப் படகுக்குத்தான் பயப்பிடுறா. ஊரிலையே ஒரு படகு, ஓட்டத் தெரிஞ்ச நாலு பொடியள் எண்டு வைச்சிருக்க ஏலாதோ?

நாச்சிக்குடா வள்ளம்:
ஏலும் தங்கச்சி. 2018 ஆவணி வெள்ளத்திலை கேரளாவிலை மீன்பிடிக்காரர் தங்கட வள்ளங்களை லொறியிலை ஏத்திக்கொண்டுபோய்ச் சனத்தை மீட்டவை. ஆனா வயல் வெள்ளம் கடல் மாதிரி இல்லை. தண்ணிக்குக் கீழ வரம்பு, முள்ளுக்கம்பி வேலி. என்ஜின் விசிறியிலை கம்பி சுத்திச்சுதெண்டால் படகு குறுக்க திரும்பி இழுபடும். என்ஜினைத் தூக்கிவிட்டுத் தடி ஊண்டித்தான் போகோணும். வேலி எங்கை எண்டு தெரிஞ்ச ஊராள் ஒருத்தர் அணியத்திலை, படகின்ர முன்பக்கத்திலை நிக்கோணும். அது ஆமிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, உங்கட பொடியளுக்குத்தான் தெரியும். எண்ணெய்க் காசு ஆர் தாறது, உடைஞ்சால் ஆர் திருத்துறது எண்டதை மழைக்கு முன்னமே கதையுங்கோ.

ஓய்வுபெற்ற விதானை (கிராம சேவகர்):
பிள்ளை, மாவட்டத்திலை இந்த அலுவல் அரசாங்க அதிபரின்ர (மாவட்டச் செயலாளர்) பொறுப்பு, படை உதவிக்கு வாறது. எண்டாலும் லொறி, படகு, சொன்ன உடன கிளம்புற ஆள் எல்லாம் முகாமிலைதான் இருக்கு, பிரதேச செயலகத்திலை இல்லை. அதாலை ஆமி இல்லாமல் சமாளிக்கலாம் எண்டு சொல்லமாட்டன். 2025 டித்வா புயலுக்கு, சுண்டிக்குளம் முகத்துவாரத்தை வெட்டிவிடப் போன கடற்படைக்காரர் 5 பேர் உயிரை விட்டவை. எங்கட தண்ணி வடியிறதுக்குப் போன பிள்ளையள். அதையும் நாங்கள் சொல்லத்தான் வேணும்.

நான் வேலையிலை இருக்கேக்கை ஐப்பசியிலையே படுக்கையிலை கிடக்கிற ஆக்கள், பிள்ளைத்தாச்சியள் பேரை எழுதி வைப்பன். இப்ப இருக்கிற விதானையிட்டை உங்கட அம்மாவின்ர பேரையும் குடுங்கோ. "தமிழ் கதைக்கிற ஆள் போகோணும்" எண்டு பக்கத்திலை எழுதச் சொல்லுங்கோ. வாறது ஆமிப் படகாயிருந்தாலும் ஊர்ப் பொடியன் ஒருத்தன் முன்னுக்கு இருந்தால் அரைவாசிப் பயம் போகும்.

பன்னங்கண்டி மகள்:
அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். "ஆர் ஓட்டினாலும் பை நனையக்கூடாது" எண்டா. ஐப்பசிக்கு முன்னம் விதானையிட்டைப் போறன். நாச்சிக்குடா அண்ணை, ஒருநாள் வந்து பொடியளுக்குத் தடி ஊண்டக் காட்டித்தருவீங்களோ? சாப்பாடு எங்கட வீட்டிலை.