கேம் பாய் அட்வான்ஸ் எமுலேட்டர்: பாட்டு நடுவில் வெட்டுகிறது, ஓடும்போது குதிக்க முடியவில்லை

கேட்டவர்:
வணக்கம். சின்ன வயதில் கேம் பாய் அட்வான்ஸில் (கையில் பிடித்து ஆடும் கேம் கருவி) விட்ட கேமை, அதைப் போலவே இயங்கும் எமுலேட்டர் மென்பொருளை லேப்டாப்பில் போட்டு மறுபடி ஆடுகிறேன். தொடக்க இசை கேட்டதும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் நடுநடுவே 'டிக், டிக்' என்று வெட்டுகிறது. இன்னொன்று, இடது அம்பையும் மேல் அம்பையும் பிடித்துக்கொண்டு எக்ஸ் தட்டினால் ஆள் குதிப்பதில்லை. எக்ஸை மட்டும் தட்டினால் குதிக்கிறான். பட்டன் அமைப்பை மூன்று முறை அழித்துப் போட்டுவிட்டேன்.

முதல் பதில்:
எமுலேட்டர் அமைப்பில் ஆடியோ பஃபர் (சத்தத்தைக் கொஞ்ச நேரம் சேர்த்துவைக்கும் இடம்) எவ்வளவு இருக்கிறது, பாருங்கள். எமுலேட்டர் அதில் சத்தத்தை ஊற்றிக்கொண்டே இருக்கும், சவுண்ட் கார்டு மொண்டுகொண்டே இருக்கும். வற்றினால் அந்த 'டிக்'. 512 சாம்பிள் (சத்தத்தின் சிறு துளி) என்றால், 44,100 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில், 12 மில்லிசெகண்டுக்குக்கூடக் கையிருப்பு இல்லை. 1536 வையுங்கள். 4096 வரை போக வேண்டாம், குதித்த பிறகுதான் சத்தம் வரும்.

கேட்டவர்:
512தான் இருந்தது. மாற்றியதும் பெரும்பாலும் நின்றுவிட்டது, நன்றி. சில நொடிக்கு ஒருமுறை மட்டும் சின்னத் தட்டல் கேட்கிறது.

முதல் பதில்:
ஒத்திசைவு (எமுலேட்டர் எதன் வேகத்துக்கு ஓட வேண்டும் என்ற அமைப்பு) வீடியோவுக்கு வைத்திருப்பீர்கள். கேம் பாய் அட்வான்ஸ் நொடிக்கு 59.73 ஃபிரேம் (திரையில் வரும் ஒவ்வொரு படம்) ஓடும், உங்கள் திரை 60. திரையின் வேகத்துக்கு இழுத்தால் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மிஞ்சும், மிஞ்சியதை வெட்டித்தான் ஆக வேண்டும். ஆடியோவுக்கு மாற்றுங்கள். கிட்டத்தட்ட நாலு நொடிக்கு ஒரு ஃபிரேம் இரண்டு முறை தெரியும், கண்ணுக்கு அது பெரிதாக உறுத்தாது.

இரண்டாம் பதில்:
குதிக்காததற்கு எமுலேட்டர் காரணமில்லை என்று நினைக்கிறேன். நோட்பேடைத் திறந்து, அதே இரண்டு அம்புகளையும் பிடித்தபடி எக்ஸ் தட்டுங்கள். எழுத்து விழவில்லை என்றால் கீபோர்டுதான். பல கீபோர்டுகளில் விசைகள் வரிசையும் நிரலுமாக ஒரே கம்பிகளைப் பகிர்கின்றன, அதனால் சில மூன்று விசைக் கூட்டுகள் பதிவாகாது.

கேட்டவர்:
அண்ணா, எக்ஸ் விழவே இல்லை! திசையை டபிள்யூ, ஏ, எஸ், டி-க்கு மாற்றலாமா?

இரண்டாம் பதில்:
மாற்றலாம் தம்பி. ஆனால் ஏ, எஸ் இரண்டும் பல எமுலேட்டர்களில் தோள் பட்டன்களாக (கருவியின் மேல் ஓரத்து எல், ஆர்) ஏற்கெனவே இருக்கும். முதலில் அவற்றை க்யூ, ஈ-க்கு நகர்த்துங்கள். குதிப்பதற்கு வலது கைப் பக்கம் கே வையுங்கள். புதுக் கூட்டையும் நோட்பேடில் சோதித்துவிட்டுப் போடுங்கள்.

கேட்டவர்:
கே விழுகிறது. சத்தமும் சுத்தமாக இருக்கிறது. எத்தனையோ வருடமாகத் தாண்ட முடியாத அந்தப் பள்ளத்தை இப்போதுதான் தாண்டினேன், ரொம்ப நன்றி அண்ணா.