காப்பகத்தில் சேர்க்கும் முன் மருத்துவச் சான்றிதழ் கேட்கலாமா?

காப்பக இரவுப் பணியாளர், ராமேஸ்வரம்:
காசநோய் இல்லை என்ற சான்றிதழோடு வருபவருக்கு மட்டுமே வீடற்றோர் காப்பகத்தில் இடம் தர வேண்டும் என்பது என் கருத்து. அக்னி தீர்த்தக் கரையிலும் ரத வீதிகளிலும் படுத்துக் கிடப்பவர்களை நாங்கள்தான் கைப்பிடித்து அழைத்து வருகிறோம். என்னோடு வேலை பார்த்தவருக்குக் காசநோய் வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார்; வேலைக்கு வர முடியாத நாள்களுக்குச் சம்பளம் இல்லை. என் வீட்டில் மூன்று வயதுப் பேத்தி இருக்கிறாள்.

செவிலியர், மண்டபம்:
ஐயா, தங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் சான்றிதழ் கேட்டால் இருமலை மறைக்கத்தான் செய்வார்கள். சளிப் பரிசோதனைக்காக ஒரு காப்பகத்துக்குப் போயிருந்தபோது, ஒரு பெரியவர் துண்டைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டு, தோள்கள் மட்டும் குலுங்க இருமுவதைப் பார்த்தேன். வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து பல நாள் அப்படியே படுத்திருந்தாராம். முறையாக மருந்து தொடங்கியவரிடமிருந்து நோய் பரவுவது பெரும்பாலும் சில வாரங்களில் வெகுவாகக் குறைந்துவிடும். கண்டறியப்படாமல் அருகில் படுத்திருப்பவரே ஆபத்து. காற்றில் மிதந்து பரவும் இந்தக் கிருமிக்கு, மார்கழியிலும் தையிலும் வாடைக்காற்றுக்கு அஞ்சி எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்ட அறையைப் போல வசதியான இடம் வேறில்லை. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்து, ஆளுக்கொரு போர்வை கூடுதலாகக் கொடுங்கள்.

காப்பக இரவுப் பணியாளர்:
திறந்தால் கொசு, அடைத்தால் காசநோய் என்றால் நாங்கள் என்னதான் செய்வது? குளிருகிறது என்று முதியவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். ஒரே போர்வையை இருவர் மாற்றி மாற்றிப் போர்த்திச் சொறி சிரங்கு வேறு பரவுகிறது.

தன்னார்வலர், பாம்பன்:
ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பது பெரிய செலவன்று. எனக்கு வேறொரு கவலை. சிகிச்சையில் இருப்பவருக்கு ஊட்டச்சத்துக்காக அரசு தரும் தொகை 2024 நவம்பர் முதல், மாதத்துக்கு 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. அது வங்கிக் கணக்கில்தான் வரும். கோயில் வாசலில் கிடப்பவரிடம் கணக்கு ஏது? பட்டினியோடு மாத்திரை விழுங்கச் சொன்னால் பாதியில் விட்டுவிடுவார். கணக்குத் தொடங்கித் தருவதைக் காப்பகமே செய்ய வேண்டும்.

செவிலியர், மண்டபம்:
அதுவும் சரிதான். சேரும் அன்றே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா என்று கேளுங்கள். இருந்தால் முகக்கவசம் கொடுத்து, ஜன்னலோரம் தனியாகப் படுக்க வைத்து, மறுநாள் காலையில் சளி மாதிரியை அனுப்புங்கள். முடிவு வரும்வரை யாரையும் வெளியேற்ற வேண்டாம்.

காப்பக இரவுப் பணியாளர்:
அப்படியானால் சான்றிதழ் கோரிக்கையை நான் விட்டுவிடுகிறேன். ஆனால் பணியாளர்களுக்கு ஆண்டுதோறும் மார்பு எக்ஸ்ரேயும், நோய் வந்தால் சம்பளத்தோடு விடுப்பும் எழுத்தில் உறுதியாக வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.